இன்னும் மூணு சர்வர் வாங்கலாமா, விஎம்-க்கு மாறலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் அவர் கணவரும் ஒரு பங்குதாரரும் சேர்ந்து நடத்தும் சாஃப்ட்வேர் நிறுவனம், மொத்தம் பதினான்கு பேர். நூற்பாலைகளுக்கு ஈஆர்பி (நிர்வாகம் முழுவதையும் பார்க்கும் மென்பொருள்), அதோடு சம்பளக் கணக்கு, இப்போது புதிதாக ஒரு மொபைல் ஆப். டெவலப்மென்ட்டுக்கும் டெஸ்டிங்குக்கும் நான்கு பழைய டவர் சர்வர்கள் இருக்கின்றன, எதுவும் போதவில்லை. ஒவ்வொரு கிளையண்டிடமும் வேறு வேறு விண்டோஸ், வேறு வேறு டேட்டாபேஸ் வெர்ஷன் என்பதால் ஒருவர் டெஸ்ட் செய்யும்போது இன்னொருவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஒரு சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு ஆறு விர்ச்சுவல் மெஷின்கள் (விஎம், அதாவது ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் உருவாகும் தனித்தனிக் கணினிகள்) உருவாக்கிப் பார்த்தார்களாம். 32 ஜிபி ரேம், இரண்டு சாதாரண ஹார்ட் டிஸ்க், ஒவ்வொரு விஎம்-க்கும் 8 ஜிபி. "எல்லாம் ஊர்ந்தது, சில நாள் ஒரு மெஷின் தானாகவே ஆஃப் ஆகிவிடும்" என்கிறார். ஒரே மாதத்தில் கைவிட்டுவிட்டார்கள்.

இப்போது ஆளுக்கொரு கருத்து. சீனியர் டெவலப்பர், "கிளையண்டிடம் ஓடுவது நிஜ மெஷின், நாமும் நிஜ மெஷினில்தான் டெஸ்ட் பண்ணணும், இன்னும் மூணு சர்வர் வாங்குங்க" என்கிறார். பங்குதாரர் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றச் சொல்கிறார். ஹார்டுவேர் விற்பவர் 64 கோர் உள்ள ஒரே பெரிய சர்வர், அதன்மேல் விஎம்வேர் (விஎம் ஓட்டும் வணிக மென்பொருள்) சந்தா, விண்டோஸ் டேட்டாசென்டர் லைசென்ஸ் என்று பதினைந்து லட்சத்துக்கு மேல் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். சிஸ்டம் அட்மின் தம்பிக்கோ, விஎம் வந்தால் தன் வேலை போய்விடுமோ என்ற பயம். "யார் சொல்வதைக் கேட்பது?" என்பதுதான் கேள்வி.

வணக்கம் சகோதரி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மூன்று ஃபிசிக்கல் சர்வர் வாங்க வேண்டாம். அந்தப் பெரிய ஒற்றை சர்வரும் வேண்டாம். உங்கள் வேலையில் பெரும்பகுதி விஎம்-க்குப் போகலாம், ஆனால் ஒன்றிரண்டு விஷயங்கள் கட்டாயம் இரும்புப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். எது எங்கே என்பதைப் பிரிப்பதுதான் வேலை. அதற்கு முன்னால் இரண்டு வருடம் முன்பு நடந்ததைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆபீசில் இன்று நடக்கும் விவாதம் முழுவதும் அந்த ஒரு மாத அனுபவத்தின் மேல்தான் நிற்கிறது.

அன்று மெதுவாக இருந்தது எது?

7200 ஆர்பிஎம்-இல் சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்க எழுதச் சொன்னால், நொடிக்கு நூறு தடவைக்குள்தான் செய்யும். அதற்குமேல் அதன் உடம்பில் சக்தி கிடையாது. உங்களிடம் இரண்டு டிஸ்க் இருந்தாலும் அவை மிரரில் (இரண்டிலும் ஒரே டேட்டா) இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், அப்படியானால் எழுதும் வேகம் ஒரு டிஸ்க்கினுடையதுதான். ஆறு விண்டோஸ் அதைப் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்குப் பதினைந்து சொச்சம். விண்டோஸ் அப்டேட் ஒன்று ஓட ஆரம்பித்தாலே மற்ற ஐந்தும் மூச்சு விட முடியாது. அதே ஆறு விண்டோஸையும் ஆறு தனிப் பெட்டியில் போட்டிருந்தால் ஆறுக்கும் தனித்தனி டிஸ்க் இருந்திருக்கும், "ஃபிசிக்கல்தான் வேகம்" என்று எல்லோரும் சொல்லியிருப்பீர்கள். வித்தியாசம் டிஸ்க்கில். இன்று ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி கூட நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும், என்விஎம்ஈ அதையும் தாண்டும்.

அடுத்தது ரேம். 6 × 8 = 48. உங்களிடம் இருந்தது 32, அதிலும் பிராக்ஸ்மாக்ஸ் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கொடுக்காததைக் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் ஓட்டலாம், எல்லா விஎம்-உம் ஒரே சமயத்தில் கேட்டால் முடியாது. ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் கர்னல் மொத்த சிஸ்டத்தையும் காப்பாற்ற அதிகம் தின்னும் புராசஸைத் தேடிக் கொன்றுவிடும். பிராக்ஸ்மாக்ஸில் ஒரு விஎம் என்பது ஹோஸ்ட்டைப் பொறுத்தவரை ஒரு புராசஸ்தான். நீங்கள் சொன்ன "தானாகவே ஆஃப் ஆகிவிடும்" பெரும்பாலும் இதுதான். அந்தப் பழைய சர்வர் இன்னும் இருந்தால் உங்கள் அட்மினை லாகில் "ஊம் கில்லர்" (oom-killer) வரியைத் தேடச் சொல்லுங்கள்.

மூன்றாவதும் ஒன்று இருந்திருக்கலாம். பிராக்ஸ்மாக்ஸில் விண்டோஸ் நிறுவும்போது சொல்லாமல் விட்டால் அது பழைய ஐடிஈ டிஸ்க்கையும் இன்டெல்லின் பழைய நெட்வொர்க் கார்டையும் போல நடித்துக் காட்டும். ஓடும், ஆனால் வீணாக சிபியு தின்னும். விஎம்-க்கென்றே எழுதப்பட்ட விர்ட்ஐஓ டிரைவர் தனியாக ஏற்ற வேண்டும், பத்து நிமிட வேலை. முதல்முறை செய்பவர்கள் பலரும் தாண்டிப் போகும் இடம் இது.

சிபியு பற்றிச் சொல்லவே இல்லையே என்று கேட்கலாம். சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏஎம்டியும் புராசஸரிலேயே விஎம் ஓட்டுவதற்கான வசதியை வைத்துவிட்டார்கள், 2007-இல் அதைப் பயன்படுத்தும் கேவிஎம் என்ற பகுதி லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. கம்பைல் பண்ணுவது போன்ற வேலைகளில் விஎம்-ஆல் வரும் இழப்பை நீங்கள் உணரக்கூட மாட்டீர்கள். உங்கள் சீனியர் இதைப் புதுசாக வந்த வித்தை மாதிரி நினைப்பதாகத் தெரிகிறது; ஐபிஎம் 1972-இலேயே மெயின்ஃபிரேமுக்கு விஎம்/370 வெளியிட்டுவிட்டது, அவருக்குச் சொல்லிப் பாருங்கள்.

"கிளையண்டிடம் இருப்பது நிஜ மெஷின்"

இந்தக் கவலையை நான் ஒதுக்க மாட்டேன், ஆனால் அது தப்பான பக்கம் பார்க்கிறது. உங்கள் ஈஆர்பி கிளையண்டிடம் போய் உடைகிறது என்றால் ஏன் உடைகிறது? அங்கே எஸ்க்யூஎல் சர்வர் பழைய வெர்ஷன், தேதி வடிவம் அமெரிக்க முறையில் இருக்கிறது, டாட்நெட்டில் ஒரு பேட்ச் குறைகிறது, அல்லது அவர்கள் ரேம் 8 ஜிபிதான். இவற்றில் எதுவும் இரும்பு சம்பந்தப்பட்டதல்ல. இதையெல்லாம் அச்சு அசலாக அமைக்க விஎம்-ஐவிட நல்ல வழி கிடையாது. கிளையண்ட் ஒவ்வொருவருக்கும் ஒரு விஎம், அதே விண்டோஸ், அதே பேட்ச், அதே 8 ஜிபி. டெஸ்ட் முடிந்ததும் அணைத்து வைக்கலாம், ஆறு மாதம் கழித்து அந்த மில்லிலிருந்து போன் வந்தால் திரும்ப ஏற்றலாம். நான்கு டவர் சர்வரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முயன்றால் வாரம் ஒருமுறை ஃபார்மேட் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இன்னும் மூன்று வாங்கினாலும் ஏழு கிளையண்ட் வரைக்கும்தான் கணக்கு.

ஆனால் அவர் சொல்வது சரியாக இருக்கும் இடங்களும் உண்டு:

எடை மெஷின், பார்கோடு பிரிண்டர் மாதிரி ஹார்டுவேரோடு பேசும் பகுதி. நூல் கோன் எடையை சீரியல் போர்ட் வழியாக எடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். யூஎஸ்பி-சீரியல் கேபிளை விஎம்-க்குள் கொடுக்க முடியும், பெரும்பாலும் வேலையும் செய்யும், ஆனால் "நாலு எடையில் ஒன்று விட்டுப்போகிறது" என்று ஒரு புகார் வரும்போது, தப்பு உங்கள் கோடிலா, கேபிளிலா, நடுவில் இருக்கும் விர்ச்சுவல் அடுக்கிலா என்று சந்தேகப்பட இடம் இருக்கக் கூடாது. இதற்கு ஒரு சாதாரண டெஸ்க்டாப்பே போதும், சர்வர் தேவையில்லை.

வேகத்தை அளக்கும் டெஸ்ட். மாதக் கடைசி சம்பள ரன் எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளக்கும்போது பக்கத்து விஎம்-இல் ஒருவர் பில்ட் போட்டால் உங்கள் எண் குப்பை. இதற்கு, இருக்கும் நான்கு டவரில் நல்ல நிலையில் உள்ள ஒன்றை எஸ்எஸ்டி மாற்றி ஒதுக்கிவிடுங்கள். வேறு எதையும் அதில் ஏற்றாதீர்கள், யார் கெஞ்சினாலும்.

ஐபோன் ஆப். இது தொழில்நுட்பம் அல்ல, உரிமம். மேக்ஓஎஸ்-ஐ ஆப்பிள் ஹார்டுவேரின் மேல் மட்டுமே விஎம்-ஆக ஓட்ட ஆப்பிளின் லைசென்ஸ் அனுமதிக்கிறது. இணையத்தில் வழி சொல்லித் தருகிறார்கள் என்று உங்கள் டெவலப்பர் ஒருவர் சொன்னாராம். தருகிறார்கள்தான். நீங்கள் நாளைக்கு ஒரு பெரிய குழுமத்துக்கு ஆப் விற்கப் போகிறவர்கள், இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு மேக் மினி வாங்கிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு எமுலேட்டர் பற்றியும் ஒரு வார்த்தை: அதுவே ஒரு விஎம். அதை இன்னொரு விஎம்-க்குள் ஓட்ட நெஸ்டட் விர்ச்சுவலைசேஷனை இயக்க வேண்டும், இயக்கினாலும் சுகமாக இருக்காது. அது டெவலப்பர் லேப்டாப்பிலேயே இருக்கட்டும்.

அந்தக் கொட்டேஷன்

விற்பவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தனக்குத் தெரிந்ததைக் கொடுத்திருக்கிறார். ஆனால் பதினான்கு பேர் இருக்கும் டெவலப்மென்ட் கடைக்கு அது பொருந்தாது.

முதலில் விஎம்வேர். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி எல்லாவற்றையும் சந்தாவாக மாற்றிவிட்டார்கள். கோர் கணக்கில் சந்தா, ஒரு சிபியு-வில் எட்டு கோர்தான் இருந்தாலும் பதினாறுக்குக் கட்ட வேண்டும். பலரும் டெவலப்மென்ட்டுக்கு நம்பியிருந்த இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ-ஐ (சர்வரில் விஎம் ஓட்டும் விஎம்வேரின் அடிப்படை மென்பொருள்) 2024 பிப்ரவரியில் நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்ல மென்பொருள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாளைக்கு என்ன விலை சொல்வார்கள் என்று தெரியாத ஒன்றின் மேல் உங்கள் அளவு நிறுவனம் உட்கார வேண்டிய அவசியம் என்ன? பிராக்ஸ்மாக்ஸ் நான் மேலே சொன்ன கேவிஎம்-இன் மேல் நிற்கிறது, திறந்த மூலம், இலவசமாகவே முழு வசதியும் கிடைக்கும், உதவி வேண்டுமென்றால் மட்டும் சந்தா கட்டலாம். இரண்டு வருடம் முன்பு நீங்கள் தேர்ந்தெடுத்தது சரியானதுதான், போட்ட பெட்டிதான் சரியில்லை.

அடுத்தது விண்டோஸ் லைசென்ஸ். இதில் உங்கள் கடிதத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. "ஒரு சர்வருக்கு ஒரு விண்டோஸ் வாங்கினால் அதில் எத்தனை விஎம்-உம் போடலாம்" என்று நினைக்கிறீர்கள். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டில், அந்தப் பெட்டியின் எல்லா கோருக்கும் (குறைந்தது 16) லைசென்ஸ் வாங்கினால் இரண்டு விஎம்-க்குத்தான் உரிமை. இன்னும் இரண்டு வேண்டுமென்றால் எல்லா கோருக்கும் மறுபடி வாங்க வேண்டும். கணக்கில்லாமல் போட டேட்டாசென்டர். அதனால்தான் அவர் டேட்டாசென்டரைச் சேர்த்திருக்கிறார், அதுவும் 64 கோருக்கு. இன்னொன்று, லேப்டாப்போடு வந்த ஓஇஎம் விண்டோஸை சர்வரில் விஎம்-ஆகப் பயன்படுத்தலாம் என்பது. அது அந்த லேப்டாப்போடு கட்டப்பட்டது, பிரிந்து வராது.

ஆனால், இது முக்கியம், டெவலப்மென்ட்டுக்கும் டெஸ்டிங்குக்கும் மட்டும் என்றால் வேறு கதவு இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ சந்தா உள்ளவர் டெவலப்மென்ட், டெஸ்ட் வேலைக்காக விண்டோஸ் சர்வரை எத்தனை விஎம்-இல் வேண்டுமானாலும் போடலாம். லைசென்ஸ் ஆளுக்கு, மெஷினுக்கு அல்ல. அந்த விஎம்-களைத் தொடும் ஒவ்வொரு டெவலப்பரும் டெஸ்டரும் சந்தாதாரராக இருக்க வேண்டும், ஒருவர் பெயரில் வாங்கிப் பத்துப் பேர் பயன்படுத்துவது செல்லாது. எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் எடிஷன் இலவசம். உங்கள் ஆபீசின் சொந்த அட்டெண்டன்ஸ், கணக்கு, ஃபைல் சர்வர் இதற்குள் வராது. அதற்கு முறையான லைசென்ஸ் வாங்கி, முடிந்தால் தனிச் சிறு பெட்டியில் வையுங்கள். எத்தனை சந்தா உங்களுக்குத் தேவை என்பதை மைக்ரோசாஃப்ட் விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை போதாது.

ஒரு கிளையண்ட் ஆரக்கிள் வைத்திருக்கிறார் என்றீர்கள். உங்கள் டெவலப்மென்ட்டுக்கு அவர்களின் இலவசப் பதிப்பு போதும், 2 ஜிபி ரேம், 12 ஜிபி டேட்டா என்று எல்லை இருந்தாலும். கவனிக்க வேண்டியது கிளையண்ட் பக்கம். அவர்கள் ஆரக்கிளை விஎம்வேரில் போட நினைத்து உங்களிடம் யோசனை கேட்டால் அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். விஎம்-க்கு நான்கு கோர் மட்டும் ஒதுக்கினாலும் அதை ஆரக்கிள் தன் கொள்கைப்படி ஏற்பதில்லை, அடியில் இருக்கும் எல்லா கோருக்கும் கேட்கும். ஆடிட் வந்தால் பெரிய தொகை. கிளையண்ட் உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

கடைசியாக, ஒரே பெட்டி. இதுதான் எனக்கு அந்தக் கொட்டேஷனில் மிகவும் பிடிக்காதது. அதன் மதர்போர்டு போனால் பதினான்கு பேரும் வீட்டுக்குப் போகலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

முதலில் தேவையைக் கூட்டிப் பார்ப்பேன். பில்ட் சர்வர் 16 ஜிபி, கோடு சேமிக்கும் கிட் (git) சர்வர் 4, எஸ்க்யூஎல் சர்வர் 16, ஆரக்கிள் 8, ஒரே நேரத்தில் ஓடும் கிளையண்ட் விண்டோஸ் நான்கு என்றால் 32, டெவலப்பர்களுக்குத் தலா 4 ஜிபி-யில் பத்து லினக்ஸ் விஎம் 40. மொத்தம் 116. தலா 128 ஜிபி உள்ள இரண்டு பெட்டி வாங்கினால், சாதாரண நாளில் இரண்டும் பாதி வயிற்றோடு ஓடும், ஒன்று படுத்தால் மற்றது இறுக்கிப்பிடித்தாவது எல்லாவற்றையும் தாங்கும். சிபியு-வில் அப்படிக் கறாராக இருக்க வேண்டாம், டெவலப்மென்ட் விஎம்-கள் முக்கால்வாசி நேரம் சும்மா இருப்பவை, ஒரு நிஜ கோருக்கு மூன்று நான்கு விர்ச்சுவல் கோர் கொடுத்தாலும் யாருக்கும் தெரியாது. ரேமில் மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம், என்ன ஆகும் என்று பார்த்துவிட்டீர்கள்.

புதிது வாங்கப் பணம் இடித்தால் ரீஃபர்பிஷ்டு சர்வர் யோசிக்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தால் டெல் ஆர்730 போன்றவை கிடைக்கக்கூடும், 24 ரேம் ஸ்லாட், இரண்டு சிபியு. குறைகளும் உண்டு: சத்தம் (மனிதர்கள் உட்காரும் அறையில் வைக்கவே முடியாது), மின்சாரம், உத்தரவாதம். டிஸ்க் மட்டும் பழையது வாங்காதீர்கள். எஸ்எஸ்டி-யிலும் வீட்டு உபயோக மாடல் வேண்டாம், மின்சாரம் போனால் எழுதிக்கொண்டிருந்ததைக் காப்பாற்றும் வசதி உள்ள சர்வர் ரகம் வாங்குங்கள், இரண்டு இரண்டாக மிரரில். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டால் வீட்டு ரகம் சீக்கிரம் தேய்ந்துபோகும், டேட்டாபேஸ் எழுதும்போது தடுமாறவும் செய்யும்.

இரண்டு பெட்டியையும் ஒரே அமைப்பாக, கிளஸ்டராகச் சேர்க்க உங்கள் அட்மினுக்குக் கை துறுதுறுக்கும். இப்போதைக்கு வேண்டாம். இரண்டே பெட்டி உள்ள கிளஸ்டரில் ஒன்று போனால் மற்றதற்குப் பெரும்பான்மை கிடையாது, புதிதாக எதையும் தொடங்க விடாது, மூன்றாவது ஓட்டுக்கு ஒரு சின்ன மெஷின் வைக்க வேண்டும். டெவலப்மென்ட்டுக்கு இந்தச் சிக்கல் அவசியமில்லை. தினமும் இரவு பேக்கப், ஒன்று போனால் மற்றதில் ரீஸ்டோர், ஒரு மணி இரண்டு மணி நேரம் போகும், போகட்டும்.

பேக்கப் போகும் இடம் மூன்றாவது பெட்டியாக இருக்கட்டும். பழைய டவர் ஒன்றில் பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டு பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் நிறுவினால் போதும், இங்கே மெதுவான டிஸ்க்கையும் பொறுத்துக்கொள்ளலாம். அதன் பாஸ்வேர்டு வேறாக இருக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் பேட்ச் போடாமல் இணையத்துக்குத் திறந்துவைத்திருந்த ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களை உலகம் முழுக்க ஒரு ரேன்சம்வேர் தாக்கியது. ஹைப்பர்வைசர் (விஎம்-களைத் தாங்கும் அடி மென்பொருள்) விழுந்தால் மேலே இருக்கும் அத்தனை விஎம்-உம் ஒரே அடியில் போகும், ஃபிசிக்கல் சர்வரில் இந்த ஆபத்து இந்த அளவுக்கு இல்லை. பிராக்ஸ்மாக்ஸ் மேலாண்மைப் பக்கம் இணையத்துக்குத் தெரியவே கூடாது.

மின்சாரம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஒரு பழைய டவர் சும்மா நின்று 100 வாட் இழுத்தால் மாதம் 72 யூனிட். ஏழு டவர் என்றால் 504 யூனிட், ஏசி தனி, யூபிஎஸ் தனி. சீனியர் கேட்கும் மூன்று சர்வருக்கு இந்தச் செலவை யாரும் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிளவுட்?

பங்குதாரர் முழுக்கத் தப்பில்லை. அமேசானுக்கு மும்பையிலும் (2016 முதல்) ஹைதராபாத்திலும் (2022 முதல்) டேட்டாசென்டர் இருக்கிறது, வேகம் பிரச்சினை இல்லை. வேலை நாளில் எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டினால் மாதம் 176 மணி, முழு மாதத்தில் கால்பங்குக்கும் குறைவு. ஆனால் அதை யார் சாயங்காலம் அணைப்பது? தானாக அணைய ஏற்பாடு செய்யாமல் கிளவுடுக்குப் போனவர்கள் பில்லைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அணைத்தாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடும். பில்ட், கிட் மாதிரி எப்போதும் ஓடுபவை சொந்தப் பெட்டியில் இருக்கட்டும். வருடத்துக்கு நான்கு முறை, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மொபைல் ஆப்பில் நுழைந்தால் என்னாகும் என்று பார்க்க வேண்டும், அப்போது நாலு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். அதற்காகச் சர்வர் வாங்குவது வீண்.

இன்னொன்று, மேலே நான் கணக்கில் எழுதிய அந்தப் பத்து லினக்ஸ் விஎம்-களில் பல தேவையே இல்லாமல் போகலாம். மொபைல் ஆப்பின் பின்பக்கம் லினக்ஸில்தானே ஓடுகிறது, அது டெவலப்பர் லேப்டாப்பில் டாக்கர் கன்டெய்னராக (முழு விஎம் இல்லாமல் ஆப்பை மட்டும் தனியாக ஓட்டும் முறை) ஓடட்டும். உங்கள் அளவு நிறுவனத்துக்கு டாக்கர் டெஸ்க்டாப் இலவசம் (250 பேருக்குக் குறைவாகவும், வருட வருமானம் ஒரு கோடி டாலருக்குக் குறைவாகவும் இருக்கும்வரை). பழைய விண்டோஸ் ஈஆர்பி-யை மட்டும் கன்டெய்னருக்குள் திணிக்க முயல வேண்டாம்.

மாறிய பிறகு வரும் தலைவலிகள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். விஎம் உருவாக்குவது இரண்டு நிமிட வேலை என்பதால் ஆளாளுக்கு உருவாக்குவார்கள், யாரும் அழிக்க மாட்டார்கள். ஒவ்வொரு விஎம்-க்கும் குறிப்பில் உரிமையாளர் பெயர், அழிக்க வேண்டிய தேதி இல்லாவிட்டால் அட்மின் கேட்காமலே அணைக்கலாம் என்று இன்றே விதி போட்டுவிடுங்கள். டிஸ்க் இடத்தை 'தின் புரொவிஷனிங்' (thin provisioning) முறையில், இருப்பதைவிட அதிகமாகப் பங்கிட்டுக் கொடுத்திருந்தால், ஒருநாள் அடியில் உள்ள டிஸ்க் நிரம்பும்போது சம்பந்தமே இல்லாத விஎம்-களும் சேர்ந்து நிற்கும். எண்பது சதவீதத்திலேயே எச்சரிக்கை மெயில் வர வேண்டும்.

ஸ்னாப்ஷாட் (விஎம் ஒரு கணத்தில் இருந்த நிலையைப் பதிந்து வைப்பது) பேக்கப் அல்ல. அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போகும். பேட்ச் போடுவதற்கு முன் எடுங்கள், சரியாக ஓடுகிறது என்றதும் அழித்துவிடுங்கள். இரண்டு மாதப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் டொமைனில் (ஆபீஸ் லாகின்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்த விண்டோஸ் லாகின் ஆகாமல் அடம்பிடிக்கும், ஏனென்றால் அது டொமைனோடு வைத்திருக்கும் ரகசிய பாஸ்வேர்டு முப்பது நாளுக்கு ஒருமுறை மாறும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கிளையண்ட் டேட்டாவை நினைத்துத்தான். "பிரச்சினை வந்தால் கிளையண்ட் டேட்டாபேஸை அப்படியே வாங்கி எங்கள் சர்வரில் ஏற்றிப் பார்ப்போம்" என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். சம்பளக் கணக்கு என்றால் அதில் தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு, பிஎஃப் எண் எல்லாம் இருக்கும். நான்கு சர்வர் இருந்தபோது நான்கு நகல்தான் இருக்க முடிந்தது, விஎம் வந்தால் நாற்பது நகல் இருக்கும், யாரிடம் எது என்று யாருக்கும் தெரியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டப்படிப் பொறுப்பு முதலில் மில் நிர்வாகத்துக்குத்தான், ஆனால் அவர்கள் ஒப்பந்தத்தின் மூலம் அதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பெயர், எண்களை மாற்றும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அது ஓடிய பிறகே டேட்டா எந்த டெவலப்பர் விஎம்-க்கும் போக வேண்டும். உங்கள் ஒப்பந்தங்களை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், இது என் துறை அல்ல.

அதோடு, கிளையண்ட் சர்வரின் முழு நகலை விஎம்-ஆக ஏற்றும்போது அதன் ஷெட்யூல் வேலைகளும் உயிரோடு எழுந்திருக்கும். நள்ளிரவில் உங்கள் டெஸ்ட் விஎம் நிஜத் தொழிலாளர்களுக்கு "சம்பளம் வரவு" என்று எஸ்எம்எஸ் அனுப்பிவிடும். வெளியுலக இணைப்பே இல்லாத தனி நெட்வொர்க் பிரிட்ஜ் ஒன்று உருவாக்கி, இப்படிப்பட்ட நகல்களை அதில் மட்டும்தான் முதலில் ஏற்ற வேண்டும்.

இவ்வளவையும் யார் பார்ப்பது? உங்கள் அட்மின் தம்பிதான். நான்கு பெட்டிக்குக் கேபிள் மாட்டி ஃபார்மேட் பண்ணிக்கொண்டிருந்த வேலை குறையும், இந்த வேலை கூடும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பேக்கப்பை எடுத்து ரீஸ்டோர் செய்து காட்டச் சொல்லுங்கள், அதை அவர் வேலைப் பட்டியலில் எழுதியே கொடுங்கள். ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டி அனுப்பினால் அந்தப் பயமும் போய்விடும்.

செலவு செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். இந்த மாதம் ஒரு டவரில் மட்டும் ரேமை 64 ஆக்கி (அந்த மதர்போர்டு ஏற்கும் என்றால்) இரண்டு எஸ்எஸ்டி போட்டு, விர்ட்ஐஓ டிரைவரோடு அதே ஆறு விண்டோஸை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பெரிய செலவில்லை, உங்கள் சீனியரும் கண்ணால் பார்ப்பார். அது திருப்தி என்றால் இரண்டு பெட்டிக்கான கொட்டேஷனை வேறு வேறு இடத்தில் வாங்குங்கள். டவர்களில் ஒன்று வேக டெஸ்டுக்கு, ஒன்று பேக்கப்புக்கு. மீதி இரண்டை விற்பதாக இருந்தால் டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துக்கொண்டு வெறும் பெட்டியை மட்டும் கொடுங்கள், வாங்குபவர் கூட நூறு இருநூறு குறைத்துக் கேட்டாலும் பரவாயில்லை.